பெயரை முதலில் படித்தவள்

டேமரிஸ் கெர்ரின் மதுக்கடைக்குப் பத்திரிகை வந்தால் அவள்தான் உரக்கப் படிப்பாள். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. பிரிட்டிஷாரை எதிர்த்த விடுதலைப் போரில் எங்களை நடத்திய ஜெனரல் ஜனாதிபதியான பிறகு நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. தலைநகர் பிலடெல்ஃபியாவில் அவர் சொல்வது அச்சாகி, மலை தாண்டி, சேணப்பையில் நசுங்கி, கடைசியில் அவள் குரலில்தான் எங்களிடம் வந்து சேரும்.

அந்த ஆகஸ்டில் வந்த தாளைத் தனியாகப் படித்துவிட்டு அவள் மேலங்கிக்குள் செருகிக்கொண்டாள். அதில் இருந்தது ஜனாதிபதியின் ஆணை: விஸ்கி வரிக்கு எதிராகக் கூடியவர்கள் மாதம் முடிவதற்குள் கலைந்து வீடு திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் படை வரும்.

வரி அதிகாரியின் வீட்டைக் கொளுத்தியவர்களில் அவள் தம்பி ஐசாயாவும் ஒருவன். தனியாகச் சொன்னால் கேட்கமாட்டான். கூட்டம் கலைந்தால்தான் அவனும் கலைவான். கூட்டத்தின் முன் படிக்கவும் பயம். வரி கட்டலாம் என்று சொன்ன ஒருவரின் விஸ்கி காய்ச்சும் வடிகலனைப் போன வாரம்தான் சுட்டுச் சல்லடையாக்கியிருந்தார்கள்.

மாலையில் கடை நிறைந்தது. துப்பாக்கிகள் கதவோரம் சாய்ந்திருந்தன.

"என்ன டேமரிஸ், இன்னிக்கு வாயில கொழுக்கட்டையா?" என்றான் ஹ்யூ லோகன். "தாளு வந்துச்சுன்னு தபால்காரன் சொன்னானே."

"வந்துச்சு."

"வரி பத்தியா? அப்படின்னா அடுப்புல போடு. நல்லா எரியும்."

சிரித்தார்கள். ஐசாயா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

டேமரிஸ் தாளை விரித்தாள். அதை மேஜையில் அழுத்தி நீவினாள். ஆணையின் அடியில் கையெழுத்தாக இருக்கும், எப்போதும் கடைசியில் படிக்கும் பெயரை முதலில் படித்தாள்.

ஜெனரலின் பெயர் காதில் விழுந்தால் தொப்பியைக் கழற்றுவது அங்கே வழக்கம். கைகள் தாமாகவே எழுந்தன. ஹ்யூவும் கழற்றினான்; கழற்றிய பிறகுதான் முகம் சிவந்தது.

"ஏமாத்துற நீ."

"நான் படிக்கத்தான் செய்றேன் ஹ்யூ. வேணும்னா தொப்பிய மாட்டிக்க."

அவன் மாட்டவில்லை. அவர் பேச்சின் நடுவே தொப்பி மாட்டிய முதல் ஆளாக இருக்க யாருக்கும் துணிவில்லை. வெறுந்தலைகளுக்கு அவள் முழுவதையும் படித்தாள். படை வரும் என்ற இடத்திலும் நிறுத்தவில்லை.

முடிந்ததும் ஒவ்வொருவராகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஐசாயா தொப்பியைக் கசக்கியபடி அவளருகில் வந்தான்.

"என் மானத்த வாங்கிட்டக்கா."

"உசுரு இருக்குல்ல?"

குதிரையேறிப் போனான். பாலத்தருகே பாதை பிரியும். வலப்பக்கம் வீடு, இடப்பக்கம் வரிக்கு எதிராகக் கூடியவர்களின் கூடாரங்கள். அவள் வாசலில் நின்று குளம்பொலியைக் கேட்டாள். காற்றில் திசை பிடிபடவில்லை.

உள்ளே திரும்பினாள். கதவோரம் ஒரு துப்பாக்கி மட்டும் மிச்சமிருந்தது. ஐசாயாவுடையது. விட்டுப் போனானா, மறந்து போனானா?

அதை யாருக்கும் தெரியாமல் தவிட்டுப் பீப்பாய்க்குள் புதைத்தாள். அந்த மாதம் முழுவதும், கதவு திறந்த போதெல்லாம், அதைக் கேட்டு அவன் வந்துவிடுவானோ என்று பயந்தாள். வரவில்லை. செப்டம்பர் பிறந்ததும் வந்தான். அவள் பின்கட்டுத் திரிகையில் மாவரைக்க வீட்டு வயலின் கோதுமை மூட்டையோடு, துப்பாக்கியைக் கேட்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல்.