கொடியில் என் துணி

எங்கள் லயத்தில் வெயிலை நம்பித் துணி காயப்போட முடியாது. கீழே ரிங்லெட் டவுனில் பளிச்சென்று இருக்கும், இங்கே மேலே இருட்டிக்கொண்டு வரும். அதனால் மழை வந்தால் வீட்டில் இருப்பவர் வேலைக்குப் போனவர்களின் துணியையும் எடுத்துவிடுவது வழக்கம். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன காலத்தில் என் துணியை எடுத்தவள், வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் அடுத்த வீட்டுக்காரி. மடித்தும் வைத்திருப்பாள். வாங்கப் போனால் தேநீர் வரும், ஊர்க்கதை வரும், வீட்டில் அரிசி ஊறுவதே மறந்துபோகும்.

முழங்கால் போய் நான் வேலையை விட்டேன். வெளியூரில் இருக்கும் மகன் ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். வந்தது வினை. இப்போது மேகம் கூடினால் அவளிடமிருந்து செய்தி வந்து போன் கிணுகிணுக்கிறது. "அக்கா மழ, துணி எடுங்க." பக்கத்தில் ஒரு குடைப் படம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர்.

காலம் அப்படி என்று விட்டிருப்பேன். ஆனால் கடைசி வீட்டுக்கு ஓர் இந்தோனேசியப் பெண் குடிவந்தாள். பகலில் மலையில் வேலை. அவள் துணியை இவள் ஓடி ஓடி எடுக்கிறாள். சாயங்காலம் அந்தப் பெண் வாங்க வருகிறாள், உட்கார்ந்துவிடுகிறாள். சுவர் வழியே சிரிப்பு கேட்கும். மலாயில் அப்படி என்னதான் சிரிப்போ! பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது.

மீன் விற்க வரும் லோரியிடம் நின்றபோது, என் துணியை மட்டும் ஏன் எடுப்பதில்லை என்று அவளிடம் கேட்டே விட்டேன்.

"நீங்கதான் வீட்டுலயே இருக்கீங்களே அக்கா, போனும் இருக்கு. அந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா லா?" என்றாள்.

எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை வானம் கறுத்ததும் போனை அணைத்துவிட்டேன். துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். அதில் என் நல்ல சேலையும் இருந்தது, போகட்டும். செய்தி போய்ச் சேராவிட்டால் அவளே வரத்தானே வேண்டும்? தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

மழை கொட்டியது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், தொப்பலாக நனைந்து அந்தப் பெண் நிற்கிறாள், கை நிறைய என் துணி. லீவு நாளென்று அடுத்த வீட்டில்தான் இருந்திருக்கிறாள். அந்த வீட்டு அக்கா அனுப்பினாராம். நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டுவரச் சொன்னாராம்.

"ரோசாக்" என்றேன். கெட்டுப்போய்விட்டதாம், என் போன்! இனி எப்படிச் செய்தி அனுப்புவாள், பார்க்கலாம். அந்தப் பெண்ணை உள்ளே வா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீர் கொதிப்பதற்குள் மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்த முறை அவளேதான் என்று இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டுப் போய்த் திறந்தேன். அதே பெண். ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

பைக்குள் அடுத்த வீட்டுக்காரியின் மகன் முன்பு வைத்திருந்த பழைய போன் இருந்தது. சார்ஜரையும் மறக்காமல் வைத்திருந்தாள்.