சாவித்திரியின் சேலையும் பட்டாளத்து வயர்லெஸ்ஸும்

பாபநாசத்தில் தந்தி அடிக்கும் குமாஸ்தா வைரக்கண்ணுவுக்குச் சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. சம்சாரம் சாவித்திரிக்கு அதில் பெருமைதான், திருச்சிப் பழைய இரும்புக் கடையிலிருந்து பட்டாளத்து வயர்லெஸ் பெட்டி ஒன்றை அவர் கூடத்தில் கொண்டுவந்து இறக்கும்வரை.

வெளிதேசத்துக்காரர்களோடு வயர்லெஸ்ஸில் பேசச் சர்க்கார் கொடுத்த லைசென்ஸ் அவரிடம் இருந்தது; பெட்டிதான் இல்லை. வந்த பெட்டிக்குள்ளோ எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கூட்டைக் கிளறி எடுத்து, கம்பிகளில் ஏறிய பச்சைக் களிம்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, செத்த வால்வுகளைப் பிடுங்கி வேறு போட்டார். அறுபத்தொன்பதாம் வருஷத்து அறுவடை முழுக்க அதிலேயே கிடந்தார். கூலித் தகராறு முற்றிப் பாதி வயல் கதிரோடு நின்றது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு மாலை தென்னைமரங்களுக்கிடையே ஏரியல் கட்டி, மைக்கை அழுத்திப் பிடித்து "ஹலோ, ஹலோ" என்று ஆரம்பித்தார். நாலு வீடு தள்ளிக் கடைத்தெருவில் மிராசுதார் அமிர்தலிங்கம் கூலித் தகராறு பற்றிப் பேச மேடையேறியிருந்தார். பெட்டியின் குரல் கூட்டத்து ஒலிபெருக்கிக் கம்பியில் தொற்றும் என்று இருவருக்கும் தெரியாது.

"என் நெலத்துல வேலை செஞ்சவன் எவனாவது அரைவயிறாப் போனதுண்டா?" என்று முழங்கினார் அமிர்தலிங்கம்.

அந்நேரம் சாவித்திரி, கம்பி துடைத்த சேலைத் துணியைத் தூக்கிக்கொண்டு கணவர் முன் வந்து நின்றாள். "பழைய சேலைதானே" என்று முனகினார் வைரக்கண்ணு. மைக்கிலிருந்து விரலை எடுக்கவில்லை.

கடைத்தெரு ஒலிபெருக்கிக் குழாய்கள் அதிர்ந்தன. "பொய் சொல்ல வாய் கூசலை?"

அமிர்தலிங்கம் தன் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருடா அது?"

"இன்னும் எத்தனை நாளைக்கு ஏமாத்துவீங்க?"

விசில் பறந்தது. தொழிலாளர் சங்கத்து வீரையன் எழுந்து நின்று கைதட்டினார். தீபாவளிக்கு எடுத்த புதுச் சேலை என்று குரல் தொடர்ந்ததைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை.

ஏரியலைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடித்து, போலீஸ்காரரோடு வந்துவிட்டார் மிராசுதார். வைரக்கண்ணு லைசென்ஸை நீட்டினார். "அய்யா, வீட்டுல என்னைத்தான் திட்டினாங்க."

"அதை அவங்களே மேடையில வந்து சொல்லட்டும்," என்றார் அமிர்தலிங்கம்.

"வர்றேங்க," என்றாள் சாவித்திரி. "ஆனா மைக்கு கையில வந்தா கூலி விஷயமும் பேசிடுவேன். பரவால்லீங்களா?"

மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மறுவாரம் சமரசத்தில் கூலி நெல் கொஞ்சம் கூடியது. கதிர் வயலில் உதிரத் தொடங்கியதே காரணம் என்று வைரக்கண்ணு சொன்னால் ஊரில் யார் கேட்பது? வீரையன் வாழைத்தாரோடு வந்தார். "அக்கா, வெள்ளிக்கிழமை மிராசுதார் மறுபடி கூட்டம் போடறாராம்."

"எத்தனை மணிக்கு?" என்றாள் சாவித்திரி.

வைரக்கண்ணு பெட்டியின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.