பதினோராவது ஸ்டிக்கர்

ஒச்சம்மாள் தன் உடம்பை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். கணியூரிலிருந்து பொன்னாத்தாள் அத்தை அழைத்துச் சொன்னார். அவருக்கு வேறு யாரோ சொன்னார்களாம். நான் இருப்பது ஹாம்பர்க்கில். அருள்புரத்தில் எங்கள் பனியன் யூனிட்டில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பார்ப்பவர் ஒச்சம்மாள். உடனே அழைத்தேன்.

"யாரு சொன்னா தம்பி? இன்னும் கைநாட்டே வைக்கல" என்றார்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு பதினொன்று. மாத்திரைக்கு அடங்கவில்லை, கால் பெருவிரல் புண்ணும் ஆறவில்லை. அப்படிப்பட்டவர்களைத்தான் ஒரு புது மருந்தின் சோதனைக்குத் தேடி, கோவை ஆஸ்பத்திரி ஒன்றின் நர்ஸ் யாழினி யூனிட்டுக்கு வந்திருந்தாள். ஒச்சம்மாள் உடனே சரி என்றார். கால் நின்றால்தான் செக்கிங் டேபிளில் வேலை. மற்றவர்கள் இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுத் தையல் லைனுக்குத் திரும்ப, இவர் மட்டும் ஒப்புதல் படிவத்தை வரிவரியாக வாசிக்கச் சொன்னார். புரியாத இடத்திலெல்லாம், பனியனில் ஓட்டை கண்டால் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினார். பதினோரு ஸ்டிக்கர்.

"இதுல இதெல்லாம் ஒட்டக் கூடாதுங்கம்மா."

"ரிஜெக்ட் பண்ணல தாயி. சரி பண்ணிக் கொண்டா, பாஸ் பண்றேன்."

ஊசி போட வந்த பிள்ளைக்கே வேர்த்துவிட்டது என்று கைநாட்டுக்குச் சாட்சியாக நின்ற பக்கத்து டேபிள் ரோஸ்மேரி சிரித்திருக்கிறாள். யாழினி கோபிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாதியில் விலகலாமா? விலகலாம். மயக்கம் வந்தால் யார் பார்ப்பது? ஆஸ்பத்திரி. பதில் வர வர ஒச்சம்மாள் ஒவ்வொன்றாக உரித்தார். கடைசி ஒன்று மிஞ்சியது. மருந்து பலித்து, ஒரு வருடத்தில் சோதனையும் முடிந்தால், அதற்கப்புறம் அந்த மருந்தை யார் தருவார்கள்? டாக்டர் தரணீதரனைக் கேட்டுச் சொல்வதாகப் போனாள் யாழினி. அது செவ்வாய். நான் அழைத்தது வெள்ளி, பதில் இன்னும் வரவில்லை. ஆள் சேர்ப்பது அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

வேண்டாம், ஆபத்து, விட்டுவிடுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏன் விடணும்? சேரத்தான் போறேன். எவனோ போடப்போற பனியனையே உள்ள வெளிய திருப்பிப் பாக்குறேன். என் ஒடம்புக்குப் பாக்க மாட்டனா?"

என் அழைப்பைத் துண்டிக்காமலே, படிவத்தில் இருந்த டாக்டரின் எண்ணை ரோஸ்மேரியின் போனில் போடச் சொன்னார். மணி நாலே முக்கால். தையல் மெஷின் சத்தத்தையும் மீறி, ஸ்பீக்கரில் மணி அடிப்பது எனக்குக் கேட்டது. முழுதாக அடித்து நின்றது.

"மறுபடி போடு."

மறுபடி அடிக்கத் தொடங்கியது.