நான்கு மணிக்கு வரவேண்டிய முகம்

என் தங்கைக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் குடைச்சல். ஏழு வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு, என் கையால் அடி வாங்கி, அழுதுகொண்டே அதைத் திரும்பப் பூட்டினாள். பாட்டு முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. நான் எட்டாவதோடு நின்று தையல் கடைக்குப் போனவன். அவள் டிப்ளமோ முடித்து, ஒரு இன்டர்நெட் கம்பெனியில் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கிறாள். கடைக்கு வருகிறவர்களிடம் அளவெடுத்து முடிப்பதற்குள் இதை நான் சொல்லிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வண்டி பஞ்சர். பழுது பார்க்க வேண்டிய வீட்டுக்கு என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பை கனமாக இருந்ததால் நானே தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடி ஏறினேன். மணி மூன்று இருபது.

கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்து, "சார், ரெண்டு நாளா நெட் வரல. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றார்.

"அவருக்குச் சட்டைதாம்மா பார்க்கத் தெரியும். கம்ப்யூட்டரை நான் பார்க்கிறேன்" என்றாள் குடைச்சல்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நாலு மணிக்கு என் பையன் கூப்பிடுவான். கப்பல்ல வேலை. போன மாசம் படியில வழுக்கி விழுந்துட்டான். நெத்தியில தையல் போட்டிருக்காங்க. ஒண்ணுமில்லம்மாங்கறான். என் பட்டன் போன்ல குரல்தான் வருது, முகத்தைப் பார்த்தாத்தான எனக்குத் தெரியும்? இன்னிக்குக் கரையில இருக்கான். கப்பல் கிளம்பிட்டா அப்புறம் ஒரு மாசம் ஆகும்."

மோடத்தில் பச்சை விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனாலும் தங்கை அதை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டாள். ஒயரைக் கழற்றி மாட்டினாள். தன் செல்போனை அந்த வைஃபையில் இணைத்துப் பார்த்தாள். வேலை செய்தது. கம்ப்யூட்டரில் மட்டும் எதைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றே வந்தது. மணி மூன்று நாற்பத்தைந்து.

அவள் கை நின்றது. திரையின் மூலையைப் பார்த்தாள். மணி அங்கே காலை ஆறே கால். தேதியில் போன வருஷம்.

"தேதியை யாராவது மாத்தினாங்களாம்மா?"

அந்த அம்மா கைகளைப் பிசைந்தார். "நான்தான். அவன் இருக்கிற ஊர்ல மணி என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு. நமக்கு விடியறப்போ அங்க இன்னும் நேத்துதானாம். ஒரு நாள் பின்னால தள்ளினேன். வருஷமும் சேர்ந்து போயிடுச்சு போல. அதுக்கும் நெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"போன வருஷத்துல உட்கார்ந்துகிட்டு இன்னிக்கு இருக்கிற ஆளைத் தேடினா, நெட் நம்ப மாட்டேங்குதும்மா. அவ்வளவுதான்."

'கை சும்மா இருக்காதா?' என்று நான் அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன். அவள் அந்த அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தேதியைச் சரிசெய்தாள். அது முடிந்ததும் புறப்படாமல், "அங்க இப்ப மணி என்னம்மா?" என்று கேட்டாள்.

"ஆறு இருபத்திரண்டு." எந்தக் கடிகாரத்தையும் பார்க்காமல் சொன்னார்.

அதே கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் வைத்தாள். மூலையில் மவுஸ் அம்பைக் கொண்டுபோனால் நம் மணியும் தெரியும், அந்த மணியும் தெரியும். "இதுக்கு ஒரு பேர் வைக்கணும்."

"தம்பின்னு வைம்மா. அப்படித்தான் அவனைக் கூப்பிடுவேன்."

நான்கு அடித்தது. ஒன்றும் வரவில்லை. நான்கு இரண்டு, நான்கு மூன்று. சட்டைக்குக் காலர் வைத்து முடித்தபின் வாடிக்கையாளர் கண்ணாடி பார்க்கும்போதுகூட எனக்கு இப்படிப் படபடத்ததில்லை. நான்கு நான்குக்குக் கம்ப்யூட்டர் மணி அடித்தது. தங்கை பையை எடுத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

கதவு தாண்டியும் குரல் கேட்டது. "தலையைத் திருப்பு. இந்தப் பக்கம் இல்ல. முடியை ஒதுக்கு." பிறகு, "ம். சின்னதாத்தான் இருக்கு."

படியில் உட்கார்ந்து தங்கை ஆபீஸில் கொடுக்க வேண்டிய வேலைத் தாளை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில், 'தேதி தானாக மாறியிருந்தது' என்று எழுதினாள்.

"தானாவா?"

"உண்மையை எழுதினா ஆபீஸ்ல படிச்சுச் சிரிப்பாங்கண்ணா."

பொய் சொன்னதற்காகவும் அவளை நான் அடித்ததுண்டு. தாளை வாங்கி முழுதும் படித்தேன். வேலை முடிந்த நேரம் மூன்று ஐம்பத்தைந்து என்று போட்டிருந்தாள்.

"நாலு நாலுன்னு போடு. அப்பத்தானே முகம் வந்தது" என்றேன். அதை மட்டும் திருத்தினாள்.