கழன்றிருந்த ரப்பர் குழாய்

என் நண்பனின் அப்பா மெலிந்த மனிதர். காரில் ஏறியதும் டாஷ்போர்டைத் தட்டி, "போலாமா, பாஸ்?" என்று அதனிடம் கேட்பார். பெடலை மிதித்தால் அந்தப் பழைய கார் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் வேகமெடுக்கும். வாங்க வந்தவர்களெல்லாம் அதனாலேயே திரும்பிப் போனார்கள். கண் மங்கிய அப்பா இனி ஓட்டக்கூடாது, காரை விற்றே ஆக வேண்டும் என்று நினைத்த நண்பன், கார் பைத்தியமான என்னைப் பூச்சோங்கிலிருந்து கிள்ளானுக்கு வரவழைத்தான்.

பிளக்கா, பெட்ரோல் பில்டரா என்று துருவித் துருவிப் பார்த்தேன். கடைசியில் இன்ஜினின் ஒரு ரப்பர் குழாய் கழன்றிருந்தது. அந்த வழியே வேண்டாத காற்று உள்ளே போயிருக்கிறது. குழாயில் வெடிப்பில்லை. யாரோ கிளிப்பை நகர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற நண்பனின் அப்பாவைப் பார்த்தேன்.

"அங்கிள், இது தானா கழலலையே!"

"மெதுவா பேசு லா. அவன் உள்ள காப்பி கலக்குறான்."

"நீங்களா?"

"திணறுற வண்டிய எவன் வாங்குவான்? விக்காத வரைக்கும் சாவி என் பாக்கெட்ல."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்டுபிடிச்ச சந்தோஷத்துல மூஞ்சி பல்பு மாதிரி எரியுது. நீ எங்க பொய் சொல்லப் போற?"

அவரே குழாயைச் செருகிக் கிளிப்பை இறுக்கினார்.

நண்பன் ஓட்ட, ஷா ஆலம் பக்கம் போய்ப் பார்த்தோம். மிதித்ததும் கார் சிட்டாகப் பறந்தது. ஒரு கார் ஒருமுறையாவது திணறாதா என்று நான் ஏங்கியது அன்றுதான். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு டாஷ்போர்டு எட்டவில்லை. என் சீட்டின் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார்.