சாமராஜநகர் என்றதும் கலைந்த கூட்டம்

எங்கள் சங்கத்தின் தலைமையகத்தைச் சாமராஜநகரில் வைக்கலாம் என்று நான் எழுந்து சொன்னபோது கூடத்தில் எழுபத்தொரு பேர் இருந்தார்கள். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. மேலே நான்கு மின்விசிறிகள்; மூன்றுதான் சுற்றின.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மைசூர், கொள்ளேகால், ஹனூர், குண்டலுபேட்டை ஆகிய நான்கு ஊர்களிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ் விவசாயக் குடும்பங்கள் கூடிக்கொள்ள ஓர் அமைப்பு, அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒருமுறை வரன் பார்க்கக் கூடுவதே அதன் முக்கியமான வேலை. எங்களில் ஒரே குலத்துக்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுக்க மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். ஹனூர்ப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே குலம். அங்கே ஒரு பையனுக்குப் பெண் வேண்டுமென்றால் வெளியூர் பார்த்துத்தான் ஆக வேண்டும். சங்கம் இரண்டாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடப் பூகோள வாத்தியார் தேவையில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தூக்கம் கெட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

இத்தனை ஆண்டுகளும் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியறைதான் எங்கள் அலுவலகம். கட்டடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொன்னதும், சொந்தமாக ஓர் இடம் பார்க்க வேண்டியதாயிற்று. அதில்தான் வினை. தலைவர் என் தம்பி. ஹனூரில் மஞ்சள் பயிரிடுகிறான். தலைமையகம் ஹனூரில்தான் என்றான். செயலாளர் குண்டலுபேட்டைக் காய்கறி வியாபாரி. குண்டலுபேட்டையை விட்டால் தனிச் சங்கம் என்றார். ஹனூரை விட்டால் எங்களுக்கும் தனிச் சங்கம்தான் என்றான் தம்பி.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. தம்பி மகனுக்கு வயது முப்பத்து நான்கு. பதினோரு இடத்தில் பெண் பார்த்தோம். பையன் விவசாயம் செய்கிறான் என்றதும் பதினோரு வீட்டிலும் காப்பியோடு பேச்சு முடிந்தது. பன்னிரண்டாவதாகப் பார்த்த பெண் சம்மதித்தாள். அவள் இந்தச் செயலாளரின் மகள். இருவருக்கும் பிடித்து, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்க வேண்டிய வாரத்தில் தலைமையகச் சண்டை வந்தது. அப்பன்மார் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பையன் எனக்குத் தினமும் போன் செய்து, "பெரியப்பா, ஏதாவது பண்ணுங்க" என்பான்.

மைசூரிலேயே வைத்துவிடலாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொன்னால் இரண்டு ஊரும் சேர்ந்து என்னை அடிக்கும். பெரிய ஊர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் என்ற பயம் சின்ன ஊர்களுக்கு எப்போதும் உண்டு. என்னைப் போன்ற மைசூர்க்காரனுக்கு அது புரியாமல் இருக்காது. அரண்மனை இங்கே, சட்டமன்றம் நடக்கும் விதான சௌதா பெங்களூரில். என்னோடு காலையில் நடக்கும் ஏழு பேரில் ஐந்து பேர் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புகிறார்கள்.

முப்பத்தோரு ஆண்டு பூகோளம் நடத்தியவன் நான். நாடுகள் தலைநகரைத் தேர்ந்தெடுத்த கதைகள் எனக்கு அத்துபடி. ஆஸ்திரேலியாவில் சிட்னியும் மெல்போர்னும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டுக்கும் இடையே, ஆடு மேய்ந்துகொண்டிருந்த இடத்தில் புதிதாக ஓர் ஊரைக் கட்டிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் அரசு, நாடாளுமன்றம், நீதிமன்றம் என்று மூன்றையும் மூன்று ஊருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அது நமக்கு ஒத்துவராது. மூன்று அலுவலகம் என்றால் மூன்று பூட்டு. இருக்கும் ஒரு பூட்டையே நான் இரண்டுமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.

ஆகவே ஆஸ்திரேலிய வழிதான் என்று முடிவு செய்தேன். ஹனூரிலிருந்து கொள்ளேகால், சாமராஜநகர் வழியாகக் குண்டலுபேட்டைக்குப் போகலாம். மைசூரிலிருந்து சாமராஜநகருக்கு ரயிலே இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் நடுவில் நிற்பது சாமராஜநகர். அந்தத் தைரியத்தில்தான் எழுந்து நின்று சொன்னேன்.

ஒன்றை மட்டும் எண்ண மறந்துவிட்டேன். சாமராஜநகரில் கால் வைக்கும் முதலமைச்சருக்குப் பதவி போய்விடும் என்று கர்நாடகத்தில் ஒரு நம்பிக்கை. அந்தப் பயத்தில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் இருந்திருக்கிறார்கள்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு வேற ஊரே கெடைக்கலீங்களா?"

"மேஷ்ட்ரே," என்றார் செயலாளர். வாத்தியார்களை அவர் கன்னடத்தில்தான் அழைப்பார். "நாற்காலிய எண்றீங்க, ஃபேன எண்றீங்க. அங்க போயி எத்தன சி.எம். சீட்டு போச்சுன்னு எண்ணலியா?"

"போய்விட்டு வந்தும் பதவியில் இருந்தவர்கள் உண்டு" என்றேன்.

"இருந்தாங்க, இருந்தாங்க. அடுத்த எலக்‌ஷன்ல?"

கூடம் சிரித்தது. தம்பியும் சிரித்தான். நாலு மாதத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

"நீ என்ன முதலமைச்சரா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"சின்னதோ பெருசோ, பதவி பதவிதானுங்களேண்ணா."

பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. சாப்பாடு தயார் என்று யாரோ சொன்னதையே சாக்காக வைத்துப் பலர் எழுந்துவிட்டார்கள். எண்ணினேன், இருபத்தாறு பேர் கதவருகே நின்றார்கள். இன்று கலைந்தால் அடுத்த கூட்டம் இரண்டாக நடக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து செயலாளரின் மகள் எழுந்தாள். சாமராஜநகர் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள்.

"சார், நான் நாலு வருஷமா தினம் அங்கதான் போறேன். என் வேலை ஒண்ணும் போகலையே."

"நீ சும்மா இரும்மா," என்றார் அப்பா. "உனக்கு என்ன பதவியா இருக்குது, போறதுக்கு?"

"இல்லப்பா. அதான் போகல. நீங்களும் பதவிய இங்கயே விட்டுட்டு வாங்க."

கதவருகே நின்றவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்திரேலியாக்காரர்களுக்குத் தோன்றாத ஒன்று இந்தப் பெண்ணுக்குத் தோன்றிவிட்டதே என்றுதான் இருந்தது. தலைநகரம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தால் மட்டும் போதாது. பதவியின்மேல் ஆசை உள்ளவன் கால் வைக்க யோசிக்கும் இடமாகவும் இருந்தால், அங்கே சண்டை குறையும். இதை நான் இப்போதும் உறுதியாகவே சொல்வேன்.

"சரி," என்றேன். "பதவியை விட்டவர்களோடு போய் இடம் பார்ப்போம். இருவரும் இங்கேயே சொல்லிவிடுங்கள்."

"தலைவர் மொதல்ல சொல்லட்டும். அதான் முறை" என்றார் செயலாளர்.

"அதெப்படிங்க? வயசுல மூத்தவரு அவருங்கோ" என்றான் தம்பி.

இந்த முறையும் மரியாதையும் கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்பதிலேயே எங்கள் ஆட்களை அரை மணி நேரம் நிறுத்திவைக்கும். நான் மேஜையைத் தட்டினேன். மூன்று எண்ணுவேன், இருவரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு என்றபோது இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். மூன்று என்றதும், "விட்டாச்சு" என்று ஒரு குரலும் "விட்டேனுங்க" என்று ஒரு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கதவருகே நின்ற இருபத்தாறு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த வாரம் வேன் பிடித்துப் பதினான்கு பேர் போனோம். வழியெல்லாம் எனக்குக் கவலைதான். டயர், பிரேக், பாதி வழியில் யாராவது மனம் மாறிவிடுவார்களோ என்ற எண்ணம். ஒன்றும் ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு இருந்தது. ஏழு ஜன்னல், இரண்டு வாசல். பதினான்கு பேரும் சரி என்றார்கள். இனி தலைவர் என்று தனியாக யாரும் வேண்டாம், ஊருக்கு ஒருவர் பொறுப்பெடுத்து நடத்தட்டும் என்றும் அந்த வாசலிலேயே முடிவாயிற்று. எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை. அந்த மண்ணில் நின்றுகொண்டு நாற்காலி கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

திரும்பும்போது வேனின் முன்சீட்டில் நான் உட்கார்ந்தேன். வழக்கமாக அது தலைவருக்கு உரிய இடம். தம்பியும், செயலாளராக இருந்த வியாபாரியும் எனக்குப் பின்சீட்டில் அக்கம்பக்கமாக உட்கார நேர்ந்தது.

"உங்க பொண்ணு வேலைய விடோணும்னு நாங்க சொல்லவே மாட்டோமுங்க," என்றான் தம்பி, தன் பக்க ஜன்னலில் வயலைப் பார்த்தபடியே.

"ஹனூர்லேந்து தினம் ஆஸ்பத்திரிக்கு எப்படிங்க வரும்? தூரமில்லையா?"

"அதையும் ரோசிச்சனுங்க. ரெண்டு பேரும் கொள்ளேகால்ல குடியிருக்கட்டும். பையன் தோட்டத்துக்கு இந்தப் பக்கம் போறான், பொண்ணு அந்தப் பக்கம் போகுது."

"எங்க பொண்ணு மொதல்லயே இதத்தான் சொல்லிச்சு" என்றார் வியாபாரி. "நாந்தான் உங்ககிட்டப் பேசாம வீராப்பா இருந்துட்டேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் ஓர் ஊரைக் கண்டுபிடிக்க என் உதவி இல்லாமலேயே கணக்கு முடிந்திருந்தது. வியாபாரி போனை எடுத்துக் கொள்ளேகாலில் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டார். "வாடகைக்கு வீடு இருக்குதா? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமா பாருங்க. ரெண்டு ரூமு போதும்."

"தண்ணி வசதி எப்படின்னு கேளுங்க, சம்மந்தி" என்றான் தம்பி.