அத்தை என்று சொல்லிவிட்டாள்!

போன சனிக்கிழமை எனக்கு வலது முழங்காலில் நல்ல சிராய்ப்பு.

ஐம்பத்து மூன்று வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொள்வது எப்படி என்று கேட்கிறீர்களா? பந்தயத்தில் இறங்கினால் போதும். நான் இறங்கினேன். பட்டுப் புடவையோடு... வாயில் ஸ்பூனைக் கவ்விக்கொண்டு!

ஒத்தக்கடையிலிருந்து திருவாதவூர் போகிற வழியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே நாலாம் வகுப்பு படிக்கிறாள் யாழினி. அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை. அம்மா செல்வி, ஒரு தையல் கம்பெனியில் பட்டன் வைக்கிறார். இரண்டு வருஷமாக யாழினியின் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் என் பொறுப்பு. பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் முழங்கால் கதையைச் சொல்ல முடியாது.

பொறுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஜூன் மாதம் பணம் அனுப்புவேன். செல்வி ஃபோனில், "ரொம்ப நன்றிங்க மேடம்" என்பார். "நல்லா படிக்கச் சொல்லுங்க" என்பேன். முடிந்தது. யாழினியை அட்மிஷன் அன்று ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் டேக்கு அழைப்பிதழ் வந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி — 'கல்விக்கு உதவும் நல்லுள்ளங்களைக் கௌரவித்தல்'.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... புதுப் புடவை எடுத்தேன். பொன்னாடை போர்த்தும்போது எப்படிச் சிரிப்பது என்று கண்ணாடி முன்னால் பிராக்டிஸ் பண்ணினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை!

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டவில்லை, "அத்தே!" என்று கத்திக்கொண்டு ஒரு ரெட்டைச் சடை பாய்ந்து வந்தது. யாழினி! என் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தே, யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"என்னத்த?"

"நீங்க ஃபீஸ் கட்டுறத. எங்க கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எங்க அப்பாவோட அக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். சொந்த அக்கா."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"போன வருஷம் ஒரு சார் வந்தாரு. எங்க கிளாஸ் தமிழரசிய மேடையில அவர் பக்கத்துல நிக்கவச்சு போட்டோ எடுத்தாங்க. அன்னைல இருந்து அவள எல்லாரும் 'இலவசம்'னுதான் கூப்பிடுறாய்ங்க. எனக்கு வேணாந்தே..."

கண்ணாடி முன்னால் அத்தனை சிரிப்பு பழகினேனே — போட்டோவில் பக்கத்தில் நிற்கப்போகிற குழந்தையைப் பற்றி ஒரு நொடி யோசித்தேனா? படிப்புக்கு உதவுகிறோம், சரி. அதற்காக அந்தப் பிள்ளையின் நெற்றியில் ரசீதை ஒட்ட வேண்டுமா என்ன?

"இன்னொன்னுந்தே..." என்று இழுத்தாள். "போன வருஷம் சொந்தக்காரங்களுக்கு லெமன் ஸ்பூன் வச்சாங்க. எங்க வீட்ல இருந்து யாருமே வரல. அதான் இந்த வருஷம் எங்கத்தை வரும், அது ஜில்லாவுலயே ஃபர்ஸ்ட்டுன்னு சொல்லிப்புட்டேன்."

"எதுல ஃபர்ஸ்ட்?"

"ஓட்டத்துல."

நான் கடைசியாக ஓடியது மாட்டுத்தாவணியில், ஒரு டவுன் பஸ்ஸுக்காக. பஸ் போய்விட்டது.

அது இருக்கட்டும், முதலில் மேடை! தலைமை ஆசிரியையின் அறைக்கு விரைந்தேன்.

"டீச்சர், லிஸ்ட்ல இருந்து என் பேர எடுத்துருங்க."

"ஏன் மேடம்? பொன்னாடையெல்லாம் வாங்கி வச்சாச்சே!"

சொன்னேன். தமிழரசியின் பட்டப்பெயரைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "ஐயோ... இது என் காதுக்கே வரலையே." பேனாவை எடுத்தார். என் பெயரை மட்டும் அடிப்பார் என்று பார்த்தால், அந்த நிகழ்ச்சியையே குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். "மத்தவங்கள நான் ரூமுக்கே கூப்பிட்டு காப்பி குடுத்து நன்றி சொல்லிக்கிறேன்."

அதே நேரம் வெளியே பி.டி. சாரின் குரல் மைக்கில் முழங்கியது. "அடுத்ததாக, கல்விக்கு உதவும் நல்லுள்ளங்களும், அவர்களால் பயன்பெறும் மாணவ மாணவியரும் மேடைக்கு..."

டீச்சர் ஓடினார் பாருங்கள்! அன்று மைதானத்தில் ஜில்லா லெவலில் ஓடியவர் என்றால் அவர்தான். மைக்கைப் பிடுங்கி, மூச்சிரைக்க, "அடுத்து... சொந்தக்காரங்களுக்கான லெமன் ஸ்பூன் போட்டி!" என்றார்.

என்னைக் காப்பாற்றி, நேராகப் பந்தயத்தில் தள்ளிவிட்டார்.

கோட்டில் ஏழு பேர் நின்றோம். சுடிதார் அம்மாக்கள், ஒரு சித்தப்பா, ஒரு பால்கார அண்ணன். விசில் ஊதியதும் எல்லாரும் பறந்தார்கள். எல்லாருடைய பழமும் விழுந்தது. நான் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தேன். திடீரென்று பார்த்தால்... நான்தான் முதல்!

"யாழினி அத்தே! யாழினி அத்தே!" நாலாம் வகுப்பு மொத்தமும் கத்தியது. இப்படி ஒரு கைதட்டலை வாழ்க்கையில் கேட்டவள் இல்லையே... லேசாகத் திரும்பிப் பார்த்துவிட்டேன். கால் கொசுவத்தில் மாட்டியது. தடால்!

பழம் மட்டும் நிற்கவில்லை. உருண்டு உருண்டு போய்க் கோட்டைத் தாண்டிவிட்டது.

பி.டி. சார் குனிந்து பார்த்தார். "பழம் ஃபர்ஸ்ட்டு வந்துருச்சு. ஆள் வரலையே மேடம்!"

பால்கார அண்ணன் ஜெயித்தார். யாழினியின் மானம் போச்சே என்று பயந்துகொண்டே நிமிர்ந்தேன். அவள் தோழிகளோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தாள். தூக்கிவிட்டாள். "எங்கத்தைக்கு முட்டி வலி. இல்லேனா அதான் ஃபர்ஸ்ட்டு" என்று அவர்களிடம் அறிவித்தாள்.

அப்போதுதான் செல்வி வந்து சேர்ந்தார். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் பெர்மிஷன். என் முழங்காலைப் பார்த்துப் பதறி, "ஐயோ, மே..." என்று ஆரம்பித்தார்.

யாழினி அம்மாவை முறைத்தாள். செல்வி மகளைப் பார்த்தார். சுற்றி நின்ற தோழிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடி பலமா... மதினி?"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. செல்விக்கும்தான். இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே காலைக் கழுவிவிட்டார்.

சாயந்தரம் என்னை பஸ் ஏற்ற அவர் மட்டும் வந்தார். பஸ் வந்து நின்றது. நான் ஏறப்போகும்போது மெல்லச் சொன்னார். "வர்ற மாசம் சின்னவனுக்கு அழகர்கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்துறோம். வந்துருவீங்கள்ல, மதினி?"

பக்கத்தில் யாழினி இல்லை. தோழிகள் இல்லை. நடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"வாரேன் செல்வி" என்றேன்.

சொந்த அத்தை வெறுங்கையோடு போக முடியுமா? இன்று காலையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே விவாதம் — சீர்த் தட்டு ஏழா, ஒன்பதா?